ரசமட்டத்துக்குத் தெரியாத ஆட்டம்

டைல்ஸ் பதிக்கிறவர் படகு வாங்கப் போனபோதும், தரை சமமா என்று குமிழியில் காட்டும் ரசமட்டத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டுதான் போனார். வேலைத்தளத்தில் அவருக்கு 'மட்டம்' என்றுதான் பேர். வீட்டில் சாப்பாட்டு மேசை இம்மி சாய்ந்தாலும் காலுக்கு அட்டை மடித்து வைத்த பிறகுதான் மனுஷன் தட்டில் கை வைப்பார்.

"வேலைக்கு மட்டம் போட்டுட்டு மட்டத்தையும் தூக்கிட்டு வர்ற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்" என்றாள் மனைவி. அவள் பேருந்து நடத்துநர்.

"ஆடாத படகு வேணும்னு கேட்டது யாரு? கண்ணால பாத்தா ஆட்டம் தெரியுமா?"

கேட்டது அவள்தான். அவளுக்குக் காலை ஷிப்டு, அவருக்குப் பொழுது சாயும்வரை வேலை. ஒரே வீட்டில் இருந்தும் முகம் பார்த்துப் பேசக் கிடைத்தது ஆற்றில்தான். விடுமுறை என்றால் ஒரு வாடகைப் படகு, இரண்டு துடுப்பு. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாறைகளுக்கு நடுவே வேகநீரில் படகு கவிழ்ந்தது. அவள் முங்கி, வெகுதூரம் தள்ளிப்போய் எழுந்தாள். "படகு சரியில்ல" என்றார் அவர். அதன்பின் அவள் ஆற்றுப் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. போன மாசம்தான் வாய் திறந்தாள்: "ஆடாத படகா ஒண்ணு பாருங்க. ஒரே ஒரு தடவை ஏறுறேன். ஒத்துவரலைன்னா அப்புறம் ஆத்துப் பேச்சையே எடுக்கக் கூடாது."

அந்த ஒரு தடவையைத்தான் அவர் ரசமட்டத்தோடு சேர்த்துச் சுமந்துகொண்டு வந்திருந்தார்.

கடை ஆற்றங்கரையில் ஒரு நீளமான தகரக் கொட்டகை. கழுவிக் கவிழ்த்த பாத்திரங்கள் மாதிரி சுவரோரம் படகுகள். பசை வாடை மூக்கில் ஏறியது. கடைக்காரம்மா விரல் நகத்தில் ஒட்டிய பசையைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "எந்த மாதிரி தண்ணிக்கு?"

"எந்தத் தண்ணியா இருந்தா என்ன? ஆடக் கூடாது."

ஒவ்வொரு படகின் அடியையும் டைல்ஸ் தட்டுவதுபோல் விரல் முட்டியால் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். கடைசியில் இரண்டு தேறின. சிவப்புக்குத் தட்டை அடி. பச்சைக்கு உருண்ட வயிறு. இரண்டையும் படித்துறையில் இறக்கினார்கள். அங்கே தண்ணீர் அசையாமல் கிடந்தது.

சிவப்பில் இறங்கிக் குறுக்குச் சட்டத்தில் ரசமட்டத்தை வைத்தார். குமிழி இரண்டு கோட்டுக்கும் நடுவில் போய் ஒட்டியதுபோல் நின்றது.

"பாத்தியா! கூடத்துத் தரை மாதிரி நிக்குது."

பச்சையில் ஒரு காலை வைத்ததுமே குமிழி ஒரு கோடிக்கு ஓடியது. "சீ, இது தண்ணி போட்டுட்டு வந்திருக்கு" என்று காலை எடுத்துவிட்டார்.

கடைக்காரம்மா சிரித்தாள். "ஐயா, இங்க தண்ணி தரை மாதிரி கெடக்கு. பாறைகிட்டப் போனா தண்ணியே சாயும். தட்டை அடி தண்ணியை விடாது, அதுகூடவே சேந்து சாயும். உருண்டை அடின்னா தண்ணி சாஞ்சாலும் நாம நிமிந்து இருக்கலாம்."

"இருவது வருஷமா மட்டம் பாக்குறவன்கிட்டயா சொல்றீங்க?"

"சரி, வாங்க. ஒரு சுத்து போய்ட்டு வருவோம்."

மிதவைச் சட்டையை இறுக்கிக்கொண்டு அவரும் கடைக்காரம்மாவும் சிவப்பில் கிளம்பினார்கள். கடையைத் தாண்டியதும் ஆற்றுக்குள் ஒரு பாறை. அதன் முதுகுக்குப் பின்னால் தண்ணீர் சும்மா நிற்கும். பக்கத்திலேயே ஓட்டம் சீறிக்கொண்டு போகும். நின்ற தண்ணீரிலிருந்து ஓடும் தண்ணீருக்குள் மூக்கை நுழைத்ததும் படகு மடாரென்று ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த மூச்சுக்குள் இருவரும் தண்ணீரில்.

தொப்பி முதலில் வந்தது, ஆள் பிறகு வந்தார். கரையில் மனைவி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

கடைக்காரம்மா படகை இழுத்துக் கரை சேர்த்துவிட்டுச் சொன்னாள்: "பாதிதாங்க படகு கவுந்துச்சு. மீதியை நீங்க கவுத்தீங்க. துடுப்பை விட்டுட்டு விளிம்பைப் பிடிச்சா உடம்பு மொத்தமும் அந்தப் பக்கம் போயிடும்."

மனைவியின் சிரிப்பு நின்றது.

"அன்னைக்கு..." என்று இழுத்தாள். "அந்தப் பக்கம் கொக்கு நிக்குதுன்னு நான் சாஞ்சு பாத்தேனே. அதுலதான் கவுந்துச்சுன்னு நெனச்சிட்டிருக்கேன். நீங்க என் மனசு நோகக் கூடாதுன்னு படகைச் சொல்றீங்கன்னு."

அவர் சட்டையைப் பிழிந்தார். ஆமாம் போடவும் வேண்டாம், சும்மா இருந்தாலே போதும், அவள் அப்படியே நம்பிக்கொண்டிருப்பாள். ஆனால் நடுக்கத்தில் உதட்டோடு சேர்ந்து உண்மையும் ஆடிக்கொண்டிருந்தது.

"இல்ல. அன்னைக்கும் விளிம்பைத்தான் பிடிச்சேன். ரெண்டு கையாலயும். நீ முன்னாடி இருந்த, பாக்கல. சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அவள் தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"பத்தொன்பது வருஷமா பஸ்ல நிக்கிறேன். கைல டிக்கெட்டு, தோள்ல பை, எதையும் பிடிக்காம. அந்த நாளுக்கு அப்புறம் கம்பியைப் பிடிச்சுக்கிட்டுத்தான் நிக்கிறேன், தெரியுமா? கூட வேலை பாக்குறவங்க வயசாயிடுச்சான்னு கேக்குறாங்க."

அந்த ஒரு தடவையும் போயிற்று என்றுதான் நினைத்தார்.

அவள் செருப்பைக் கழற்றினாள். மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு நேராகப் போய்ப் பச்சையில் இறங்கினாள். முழங்காலை அகட்டி மண்டியிட்டாள். படகு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடியது. அவள் இடுப்பும் கூடவே ஆடியது. தலை மட்டும் அசையவில்லை. பழைய வண்டியில் கூட்டத்துக்கு நடுவே சில்லறை எண்ணும்போது அவள் நிற்கிற நிலை அது.

"இது நம்ம பஸ்ஸு மாதிரிங்க. சொல்லிட்டு ஆடுது. செவப்பு சொல்லாம கவுக்குது" என்றாள். "ஏறுங்க. நீங்க முன்னாடி. கை ரெண்டும் என் கண்ணுல படணும்."

அவர் ரசமட்டத்தை எடுத்தார்.

"அதுக்கு டிக்கெட் கெடையாது. கரையில எறக்கி விடுங்க."

அதே பாறை, அதே சீறல். படகு சாய்ந்தது. அவர் விரல்கள் விளிம்பைத் தேடி நகர்ந்தன.

"கை!" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். படிக்கட்டில் தொங்குகிறவர்களை உள்ளே தள்ளும் குரல்.

துடுப்பை இறுகப் பிடித்துத் தண்ணீரில் ஊன்றினார். படகு தள்ளாடி, ஒரு கணம் யோசித்து, நிமிர்ந்தது. பாறை பின்னால் போயிற்று.

திரும்பி அவள் முகத்தைப் பார்க்க ஆசையாக இருந்தது. தைரியம் வரவில்லை.

"கோவமா?" என்றார் முன்னால் பார்த்தபடியே.

"அதை வீட்ல வெச்சுப் பேசிக்கலாம். இப்ப அடுத்த பாறை வருது" என்றாள். "போலாம், ரைட்!"