கோரை முடிகிற நாள்

சன்னலுக்குள்ளிருந்து மாமனாரின் கைத்தடி வெளியே நீண்டது.

"அதோ, குழாய்க்குப் பக்கத்துல ஒண்ணு தலையை நீட்டுது பாரு."

"பார்த்துட்டேன் மாமா."

"பார்த்தா போதுமா? பிடுங்கு."

புல்தரையில் குந்தியிருந்த மருமகள் பிடுங்கினாள். கோரை சுலபமாகக் கையோடு வந்தது. மூன்று வாரமாக இதே பிழைப்பு. அவள் அக்காவுக்குச் சனிக்கிழமை வயிற்றில் ஆபரேஷன், கூட இருக்க வேறு நாதியில்லை. "புல்தரையில களை ஒண்ணு இல்லாம எடுத்துட்டுத் தாராளமாப் போயிட்டு வா" என்று, பக்கவாதம் வந்ததிலிருந்து சன்னலோரக் கட்டிலே கதியாகக் கிடக்கும் மாமனார் வாக்குக் கொடுத்திருந்தார். "அப்பா சொன்னபடி செஞ்சிடேன், வம்பு எதுக்கு?" என்று புருஷன் நழுவிவிட்டான். இன்றைக்கு வியாழன். வழித்துத் துடைத்த இடமெல்லாம் மூன்றாம் நாள் மறுபடி பச்சைப் பசேலென்று நிற்கிறது.

"என்னம்மா, மூஞ்சியில களையே இல்லையே?"

"இருந்த களையெல்லாம் பிடுங்கச் சொல்லிட்டீங்களே மாமா."

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது.

அந்நேரம் புல் வெட்டுகிறவர் மெஷினைத் தள்ளிக்கொண்டு வந்தார். குவியலைப் பார்த்து நின்றுவிட்டார்.

"ஏம்மா, கோரையைக் கையாலயா பிடுங்குறீங்க?"

"பின்னே காலாலயா?"

"தழைதான்மா கையோட வரும். கிழங்கு உள்ளயே இருக்கும். ஒண்ணை அறுத்தா நாலா முளைக்கும்." கம்பியால் மண்ணைக் கிளறினார். மணி கோத்தாற்போலக் கறுப்புக் கிழங்குகள். "நீங்க களை எடுக்கலை, பயிர் பண்றீங்க. இதை ஒழிக்க ரெண்டு வருஷமாவது ஆகும். ஐயாகிட்ட போன மாசமே சொன்னேனே?"

மண் கையோடு சன்னலண்டை போய் நின்றாள்.

"மாமா, இது முடியாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தடி உள்ளே போய்விட்டது. "அவன் எதையாவது உளறுவான்."

"தெரியுமா, தெரியாதா?"

"நீ போயிட்டா எனக்கு யாரும்மா? உன் புருஷன் எட்டு மணிக்கு வேலைக்குப் போனா இருட்டினப்புறம்தான் வர்றான். பாத்ரூமுக்குக்கூட நான்..."

திட்ட வந்தவள் அதை விழுங்கிக்கொண்டாள். மனுஷர் கொடுமைக்காரராக இருந்திருந்தால் இந்நேரம் பெட்டியைத் தூக்கியிருப்பாள்.

"நாலு நாளைக்கு ஒரு ஆள் பார்த்து வெச்சிருப்பேனே மாமா."

"ஆளு வேண்டாம். நீதான் வேணும்."

அங்கேயே நின்றபடி புருஷனுக்குப் போன் போட்டாள். "நாளையிலிருந்து நாலு நாள் லீவு போடுங்க."

"லீவா? களை முடிஞ்சுதா?"

"முடிய ரெண்டு வருஷம் ஆகுமாம். அக்கா வயிறு அதுவரைக்கும் காத்திருக்காது. காலையில பஸ் ஏறுறேன்."

அவன் என்னமோ கேட்பதற்குள் வைத்துவிட்டாள்.

உள்ளேயிருந்து மெல்லக் குரல் வந்தது. "எத்தனை மணி பஸ்ஸு?"

"ஆறரை."

"திரும்பி வருவியா?"

"வராம எங்க மாமா போறது?" என்றாள் அவள்.