நான்கு இடங்களில் ழகரப் பிழை

மாலை வகுப்பில் சேர்ந்த மறுவாரமே வீட்டில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயர் விழுந்துவிட்டது. வைத்தவர் சித்தப்பா. பகலெல்லாம் பார்சல் அலுவலகத்தில் முகவரி தட்டச்சு செய்துவிட்டு, பொழுது சாய்ந்ததும் குரல் பயிற்சி வகுப்புக்கு ஓடுகிறவளுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை என்பது அவர் கட்சி. அவள் செருப்பைக் கழற்றுவதற்குள், “ரேடியோ வந்தாச்சு, யாரும் குறுக்க பேசாதீங்க” என்பார்.

இன்று ரேடியோ சத்தமே போடாமல் கணினி முன்னால் போய் உட்கார்ந்தது. கட்டடங்களுக்கு அறிவிப்புக் குரல் பதிந்து கொடுக்கும் ஓர் ஒலிப்பதிவுக் கூடத்துக்கு அவள் மாதிரிப் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள். பதில் வந்துவிட்டது. குரல் பிடித்திருக்கிறது. ஆனால் நான்கு இடங்களில் ழகரப் பிழை. திருத்தி வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பினால் வேலை தரலாம்.

எந்த நான்கு என்று எழுதவில்லை. எழுத வேண்டிய தேவையும் அவளுக்குத் தெரியவில்லை. அவர்கள் கொடுத்த வாசகமே சின்னது: ‘வாடிக்கையாளர்கள் கவனத்திற்கு. ஏழாம் தளத்திலிருந்து கீழே செல்லும் மின்தூக்கி பழுதுபார்க்கப்படுகிறது. உங்கள் பொருள்களைக் கையோடு எடுத்துக்கொண்டு, வலப்புறம் உள்ள வழியில் இறங்குங்கள்.’ ஏழாம், கீழே, பழுது, வழி. எண்ணி நான்கே ழகரம். நான்குமே தப்பு என்றால் ஒன்றுகூடத் தேறவில்லை என்றுதானே அர்த்தம்?

பதிவைப் போட்டுக் கேட்டாள். நான்கும் சரியாகத்தான் இருந்தன. அதுதான் பயமாக இருந்தது. தப்பு இருக்கிறது, அவள் காதில் விழவில்லை. காதில் விழாத தப்பை எப்படித் திருத்துவது? அவர்களையே கேட்டுவிடலாம். ஆனால், ‘இதுகூடக் கேட்காத காதா?’ என்று நினைத்துவிட்டால் வந்த வேலையும் போய்விடும்.

முதலில் சந்தேகத்தை வரிசைப்படுத்திக்கொண்டாள். கோளாறு வாயில் இருக்கலாம், காதில் இருக்கலாம், நடுவில் இருக்கும் ஸ்பீக்கரிலும் இருக்கலாம். வேண்டுமென்றே ‘ஏளாம்’, ‘கீளே’ என்று பேசி ஒரு பதிவு செய்து, பழையதையும் இதையும் மாற்றி மாற்றி ஓடவிட்டாள். இரண்டும் ஒன்றுபோலவே கேட்டன. கணினியோடு இலவசமாக வந்த ஜோடி ஸ்பீக்கர் அது. ஒன்றில் உள்ளே காகிதம் கிழிந்து, யாரோ வாளிக்குள் தலையை விட்டுப் பேசுவதுபோல் இருக்கும். காதில் மாட்டும் இயர்போனிலும் முயன்றாள். அங்கே வேறு சங்கடம். தன் குரல் தன் தலைக்குள்ளேயே பேசியதால், காது கேட்பதற்கு முன்பே மனசு முந்திக்கொண்டு ‘சரிதான்’ என்றது. குரல் எதிரிலிருந்து வர வேண்டும், அடுத்தவர் பேசுவதுபோல.

“சித்தப்பா, ஸ்பீக்கர் வாங்கணும்.”

ஏசி மெக்கானிக்கான சித்தப்பாவின் முகத்தில் விளக்கெரிந்தது. அவருடைய வேனில் கண்ணாடி அதிர்கிற மாதிரி ஒரு பெட்டி வைத்திருக்கிறார். “இப்பதான் உருப்படியா ஒண்ணு கேட்டிருக்க. வா, நெஞ்சுல இடிக்கிற மாதிரி வாங்கலாம்.”

“நெஞ்சுல இடிக்க வேணாம். ழவும் ளவும் வேற வேறயா கேட்டா போதும்.”

“ரெண்டும் ஒண்ணுதானடி!” என்றார் சித்தப்பா. அவர் வாயில் பழம் பளம்தான், வழி வளிதான். அதனால் இதுவரை எந்த ஏசியும் குளிராமல் போனதில்லை.

கடைக்குப் போகும்போது அவள் ஒரு பென் டிரைவ் எடுத்துப் போனாள். அதில் கிழி, கிளி, தாழ், தாள், வாழை, வாளை என்று ஜோடி ஜோடியாகச் சொற்கள். தன் குரலில் இல்லை. அளவுகோலே கோணலாக இருந்தால் அளப்பது எப்படி? வகுப்பில் பக்கத்தில் உட்காரும், பல் மருத்துவமனை வரவேற்பில் வேலை பார்க்கும் அக்காவிடம் கெஞ்சிப் பேசவைத்து வாங்கியது. அவருடைய ழகரத்தை வகுப்பே மெச்சும்.

கடைக்காரர் எடுத்த எடுப்பிலேயே பெரிய பெட்டி ஒன்றும் சின்னப் பெட்டிகள் இரண்டும் கொண்ட வூஃபர் செட்டை இயக்கினார். நீல விளக்கு சுழன்றது. மேளச் சத்தத்தில் மேசைமேல் கிடந்த சார்ஜர் ஒன்று தானாக நகர்ந்தது. சித்தப்பா சொக்கிப்போனார்.

“இதுல இந்தப் பென் டிரைவப் போடுங்கண்ணா. எந்த வரிசைல வேணும்னாலும் போடுங்க. நான் திரும்பி நிக்கிறேன்.”

அவள் போன் உறைகள் தொங்கிய சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள்.

“வாத்தியார் தண்டனை குடுத்த மாதிரி நிக்கிறியே, மானம் போகுது” என்றார் சித்தப்பா.

“தாழ்” என்றதா, “தாள்” என்றதா? அறை முழுக்க ஒரு ‘தொம்’ மட்டும் நின்றது. “தாள்” என்றாள். தப்பு. “கிழி.” அதுவும் தப்பு. கேபிள் வாங்க வந்த ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு ஆட்டத்தில் சேர்ந்துவிட்டார். “இது வாழதாம்மா, நான் பந்தயம் கட்றேன்” என்றார். வாளை மீன் அது.

“மேடம், ஒரு பாட்டு போட்டுக் காட்டட்டுமா? அதுல இதோட அருமை தெரியும்.”

“பாட்டு வேணாம்ணா. அதோ, அது என்ன?”

அலமாரியின் அடித்தட்டில் செங்கல் அளவில் ஒரு ஜோடி இருந்தது. விளக்கு இல்லை, மினுக்கு இல்லை. கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “அதுல பேஸே இருக்காதுங்க, அதிராது. பேச்சுக் கேக்குறவங்கதான் வாங்குவாங்க.”

“எனக்கும் அதுதாண்ணா வேலை.”

மறுபடி சுவரைப் பார்த்து நின்றாள். இந்த முறை சொற்கள் ஒவ்வொன்றும் கழுவித் துடைத்ததுபோல் வந்தன. வாழை. தாள். கிளி. ஒவ்வொன்றாகச் சரி. கடைசியில் மட்டும் தயங்கினாள். “மறுபடியும் கிளிதான் கேக்குது. ஆனா இப்ப கிழி வரணுமே? எனக்குத்தான் தப்பா கேக்குதோ?”

கடைக்காரர் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். “நான்தான் கை தவறி அதையே அமுக்கிட்டேன்.”

“காது சரியாத்தான் இருக்கு” என்றார் கேபிள் வாங்க வந்தவர், பந்தயத்தில் தோற்ற வருத்தத்தோடு.

வீட்டில் சித்தப்பா ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையில் ஒட்டிவைத்தார். குரல் தடித்துக் கேட்டது. அவள் அவற்றை முன்னால் இழுத்து, அடியில் பழைய அகராதிகளைக் கொடுத்துக் காது மட்டத்துக்கு உயர்த்தினாள். நாற்காலியின் இரு பக்கமும் ஒரே தூரம் வரும்படி நகர்த்தினாள். பிறகு வாசகத்தைக் கையில் பிடித்துக்கொண்டு பதிவை ஓடவிட்டாள்.

ஏழாம், சரி. கீழே, சரி. பழுது, அப்பழுக்கில்லை. வழி, அக்கா சொன்னதுபோலவே.

நான்கும் சரி! வேண்டுமென்றே தப்பாகப் பேசியதைப் போட்டால் தப்பு பளிச்சென்று தெரிந்தது. ஆக, ஸ்பீக்கர்மேல் குறையில்லை, காதும் பரவாயில்லை. அப்படியானால் அவர்கள் சொல்லும் நான்கு எது? தாள்மேல் விரலை வைத்து மறுபடி, மறுபடி. ஒன்றும் புலப்படவில்லை. கெடு மறுநாள்.

“ஏய், வந்து இந்தப் போர்வையப் பிடி!” என்று அம்மா பக்கத்து அறையிலிருந்து கூப்பிட்டாள். அவள் பதிவை நிறுத்தாமலே எழுந்து போனாள். இருவரும் ஆளுக்கு இரண்டு முனையாகப் பிடித்து உதறி மடித்தார்கள். கணினி அறையில் அவள் குரல் திரும்பத் திரும்பப் பேசிக்கொண்டிருந்தது.

“வெள்ளிக்கெளமைக்குள்ள அனுப்பணும்னியே, முடிஞ்சுதா?” என்ற அம்மா, காதைத் தீட்டிக்கொண்டு சிரித்தாள். “அது சரி, எதுக்குப் புளுவெல்லாம் எடுத்துட்டு வரச் சொல்ற?”

“புழுவா?”

“நீதான சொல்ற, உங்க புளுக்களக் கையோட எடுத்துட்டுப் போங்கன்னு.”

போர்வை அவள் கையிலிருந்து நழுவியது. அந்த அறையின் வாசற்படிக்கு ஓடி வந்து நின்று கேட்டாள். தாள் கையில் இல்லை. குரல் யாரோ ஒருத்தியுடையதுபோல அறையைக் கடந்து வந்தது. ‘உங்கழ் பொருழ்களை.’ மறுபடியும் வந்தது: ‘உங்கழ் பொருழ்களை.’

வீட்டில் ழகரம் இல்லை என்று பயந்து பயந்து நாக்கை மடித்ததில், மடிக்க வேண்டாத இடத்திலும் மடித்திருக்கிறாள். ழகரத்தில் பிழை இல்லை. ளகரம் வர வேண்டிய இடத்தில் ழகரம் போய் உட்கார்ந்திருந்தது. தாளில் ழகரம் இருக்கும் இடத்தை மட்டும் காவல் காத்தவளுக்கு, அது வேறு இடத்தில் புகுந்தது தெரியவில்லை. ‘தழத்திலிருந்து’ ஒன்று. ‘உங்கழ்’ இரண்டு. ‘பொருழ்களை’ மூன்று. ‘இறங்குங்கழ்’ நான்கு.

“அம்மா, நீ ள சொல்லு!”

“ள. இதுல என்ன இருக்கு?”

“ஒண்ணும் இல்லம்மா. அதான், ஒண்ணுமே இல்ல!”

ஆனால் திரும்பப் பேசுவது அவ்வளவு லேசாக இல்லை. ‘ஏழாம்’ என்பதில் நாக்கைக் கவனிக்க வேண்டும், உடனே வரும் ‘தளத்தில்’ கவனத்தை விட்டுவிட வேண்டும். பத்திரமாகப் பேசியே பழகியவளுக்கு அலட்சியமாகப் பேசுவதுதான் பாடாக இருந்தது. ஒருவழியாக நான்கும் நேரான பதிவு ஒன்று கிடைத்தது. தாளைக் கவிழ்த்து வைத்து, வாசற்படியில் நின்று கேட்டாள். முதல் சொல்லிலேயே நெருடியது. வாடிக்கையாழர்கள்.

பழைய பதிவையும் போட்டுப் பார்த்தாள். அதிலும் இருந்தது. அவர்கள் அதைச் சொல்லவே இல்லையே!

“அவங்களே விட்டுட்டாங்க, உனக்கென்ன? அனுப்பிடு” என்றார் சித்தப்பா.

அவள் மறுபடி பேசினாள். புதிய பதிவோடு ஒரு வரி எழுதினாள்: ‘நான்கு என்று குறிப்பிட்டிருந்தீர்கள். ஐந்து இருந்தன.’ அழித்தாள். திமிர் என்று நினைப்பார்களோ? ஐந்தாவது என்பது பிரமையாக இருந்தால்? படிக்குப் போய் இன்னொரு முறை கேட்டாள். திரும்பி வந்து அந்த வரியை அப்படியே எழுதி அனுப்பிவிட்டாள்.

மறுநாள் மதியம் அவள் சாப்பிட வீட்டுக்கு வந்திருந்தபோது போன் வந்தது. கூடத்தை நடத்தும் அம்மாள். “பதிவு நல்லா இருக்கும்மா, இதையே வச்சுக்கறோம். ஆனா அந்த அஞ்சாவது எங்க? நாங்க மூணு பேரு உக்காந்து தேடறோம், சிக்கல.”

“முதல் சொல்லுங்க மேடம். ‘யாளர்’ல வர்ற ள. பழைய பதிவப் போட்டுப் பாருங்க.”

மறுமுனையில் போட்டார்கள். போனுக்குள் அது தெளிவான ளகரமாகவே கேட்டது. அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. “மேடம், போன்ல எனக்கும் சரியாத்தான் கேக்குது. வீட்டு ஸ்பீக்கர்ல அப்படி இல்ல.”

அந்தப் பக்கம் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டார்கள். பிறகு சிரிப்போடு குரல் வந்தது. “அப்ப ஒண்ணு பண்ணு. திங்கக்கிழமை வேலைக்கு வரும்போது அந்த ஸ்பீக்கரையும் எடுத்துட்டு வா. யாரு காது சரின்னு பாத்துடலாம்.”

போனை வைத்துவிட்டு அவள் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் சித்தப்பா மேசைக்கு அடியில் புகுந்து, “வேன்ல நானே கொண்டாந்து விடறேன்” என்று ஒயரைக் கழற்ற ஆரம்பித்திருந்தார்.

“சித்தப்பா, இன்னைக்கு வெள்ளிக்கிழமை!”