கொடிமரத்துக்குப் போன பால்

…நாலாவது கேள்வியில்தான் எல்லாரும் மாட்டிக்கொள்கிறார்கள், இந்த விழாவுக்கு எதற்காக வந்தீர்கள், ஒற்றுமை, ஆறுதல், பழக்கம், மற்றவை, பத்துக்கு எட்டுப் பேர் மற்றவையில் போய் விழுகிறார்கள், மற்றவை என்றால் என்ன என்று கேட்டால் ஒரு சிரிப்பு, அந்தச் சிரிப்பை எந்தக் கட்டத்துக்குள் போட்டு அடைக்க என்று செல்வலட்சுமிக்கு எரிச்சலான எரிச்சல். மாதா கோயில் வாசலில் கால் வைக்க இடமில்லை. வந்தவர்களெல்லாம் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு நிற்க, நான் வேலைக்கு வந்தவள் என்று இவள் மட்டும் செருப்போடு நின்றாள், கையில் ஆராய்ச்சிக்கான கேள்வித்தாள் கட்டு, தோளில் பை, பைக்குள் அரை லிட்டர் பால் பாக்கெட். அந்தப் பாலை நினைத்தால்தான் மானம் போகிறது. ஆறு வருஷம் சமூகவியலில் மண்டையை உடைத்து, மதம் என்பது ஊர் தன்னைத்தானே கும்பிட்டுக்கொள்கிற ஏற்பாடு என்று பக்கம் பக்கமாக எழுதியவள், கொடிமரத்தடியில் பால் ஊற்ற வந்து நிற்கிறாளே, இதை ஆராய்ச்சிக்கு வழிகாட்டுகிற கைடு பார்த்தால் என்ன சொல்வார்? ஆனால் மணி எட்டரை ஆகிவிட்டது, ஒன்பதுக்குள் அம்மா ஆபரேஷனுக்கு உள்ளே போயாக வேண்டும்.

அம்மா இசக்கித்தாய் இருக்கிறாளே, அப்படி ஒரு பிடிவாதக்காரியை இந்தச் சீமையிலேயே பார்க்க முடியாது. ஆற்றங்கரை வயக்காட்டுக்காரி, ஊரில் அம்மன் இருக்க இவளுக்கு மாதா எதற்கு? நேற்றுவரைக்கும் சரி சரி என்று தலையாட்டியவள் இன்று விடிந்ததும் ஆஸ்பத்திரிக் கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். “கொடி ஏறி ஹார்பர்ல கப்பல் சங்கு ஊதணும், நீ பால் ஊத்தணும், அப்பந்தான் உள்ள போவேன், இல்லன்னா என்ன வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருங்க.” ஒன்பதைத் தாண்டினால் அடுத்த வாரந்தான் என்று டாக்டர் கத்தினார், அடுத்த வாரம்வரைக்கும் அந்த இதயம் தாங்காது என்று தம்பி தங்கப்பாண்டியைத் தனியாகக் கூப்பிட்டும் சொன்னார். பெற்றவளிடம் போய் ஆராய்ச்சியை விளக்கவா முடியும்? ஏன் மாதா என்றதற்கு அம்மா சொன்னது ஒன்றே ஒன்று… “நீ பொறந்தப்ப உனக்கு மூச்சே வரல ஏளா, பக்கத்துக் கட்டில்ல கெடந்த ஒருத்திதான் மாதாவுக்குப் பால் ஊத்துதேன்னு நேந்தா, அவ பேருகூட எனக்குத் தெரியாது.” பேர் தெரியாத ஒருத்தி, தெரியாத ஒரு பிள்ளைக்காக… அவளுக்கு நான் யார், அவள் எந்தக் கட்டத்தில் குறி போட்டிருப்பாள்?

அடக் கடவுளே, பேண்டு வாத்தியம் தொடங்கிவிட்டது, கொடிமரமோ அந்தா அங்கே, நடுவில் முதுகாகவே இருக்கிறது. முன்னால் நின்ற முதுகு அம்புரோஸுடையது, திரேஸ்புரத்து வலைக்காரர், கொஞ்சம் முன்னால்தான் இவளிடம் மற்றவை என்று சொல்லிச் சிரித்தவர். “அண்ணாச்சி, கொஞ்சம் வழி விடுங்க, பால் ஊத்தணும்.” அவர் திரும்பிப் பார்த்தார். “வழிக்கு எங்க போவேன் டீச்சர், இங்கன குடுங்க… யார் பேருக்கு?” இசக்கித்தாய், என்றாள், சொல்லும்போதே நாக்கு கூசியது, மாதா வாசலில் இசக்கியம்மன் பேரா! அவர் கண்ணிமைக்கவில்லை, பாக்கெட்டைத் தலைக்கு மேலே தூக்கி முன்னால் நின்றவர் கைக்குக் கொடுத்தார், இசக்கித்தாய், அந்தக் கை அடுத்ததுக்கு, இசக்கித்தாயாம் இசக்கித்தாய், ஜெபமாலை சுற்றிய கை, மருதாணி வைத்த கை, மீன் செதில் ஒட்டிய கை, யாரம்மா அது என்று ஒருவர் கேட்கவில்லை, அம்மாவின் பேர் வாய்க்கு வாய் மாறி, ஆயிரம் தலைக்கு மேலே பாலோடு சேர்ந்து போய்க்கொண்டே இருந்தது. இதைத்தானே எழுதினோம், ஊர் தன்னைக் கும்பிடுகிறது என்று, அவ்வளவு லேசாக எப்படி எழுதினோம்…

கொடி விறுவிறுவென்று ஏறியது, புறாக்கள் சடசடத்தன, ஹார்பர் பக்கமிருந்து சங்கு ஊதியது, ஒரு கப்பல், பிறகு இன்னொன்று, அடிவயிற்றுக்குள் புகுந்து நெஞ்சுக்கூட்டை ஆட்டுகிற சத்தம், மாதாவே என்று எல்லாரும் சேர்ந்து கத்தினார்கள். அதற்குள் போன் அடித்தது, தம்பி. “யக்கா, சங்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு, பால் ஊத்தியாச்சான்னு அம்மா கேக்கா, சீக்கிரம் சொல்லு.” எக்கி எக்கிப் பார்த்தாள், கொடிமரத்தைச் சுற்றி ஒரே பால் மழை, எது அம்மாவுடையது, போய்ச் சேர்ந்ததா, வழியில் விழுந்ததா, கண்ணால் பார்க்காத ஒன்றை இதுவரை அவள் எந்தத் தாளிலும் எழுதியதில்லை. “ஊத்தியாச்சுன்னு சொல்லு” என்றாள். யார் ஊற்றியது? அவளுக்குத் தெரியாது, தெரிய வேண்டும் என்றும் தோன்றவில்லை. அந்தப் பக்கம் கட்டிலின் சக்கரங்கள் கடகடவென்று உருண்டன, “உள்ள போயிட்டா யக்கா, சிரிச்சிக்கிட்டே போறா, நீ ஓடி வா” என்றான் தம்பி.

ஓடத்தான் வேண்டும், ஆட்டோ பிடிக்கலாமா, தெருவை அடைத்திருப்பார்கள், நடந்தே போய்விடலாம் என்று கூட்டத்தை விலக்கித் திரும்பியவளுக்கு உள்ளங்காலில் ஈரம் சில்லென்றது. குனிந்தாள். வெறுங்கால். செருப்பு பின்னால் சுவரோரமாகக் கிடந்தது, ஜோடியாக, ஒழுங்காக, தானே கழற்றி வைத்ததுபோல… எப்போது கழற்றினோம்?