உதவினார்

ஐம்பத்தாறு வயதில் கண்காணிப்பாளரை மரம் வரையச் சொன்னார்கள். வேர் உங்கள் திறமை, கிளை உங்கள் வளர்ச்சி என்று விளக்கினாள் பயிலரங்கு நடத்த வந்த பெண். பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிர்வாகப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் பேராசிரியர்களின் நிதி விண்ணப்பங்களைச் சீர்செய்து, விதி பார்த்து, கெடு தவறாமல் அனுப்பிவைத்தவர் அவர். தாளில் ஒரு நேர்கோடு கிழித்துக் கொடுத்தார்.

"சார், கிளையே இல்லையே?"

"வெட்டிட்டாங்கம்மா."

இந்தக் கூத்துக்கெல்லாம் அவர் உட்கார்ந்ததற்குக் காரணம் இருந்தது. பிரிவின் தலைமை அதிகாரி பதவி காலியாகியிருந்தது. பயிலரங்குச் சான்றிதழ் வேண்டும். அதோடு, வெற்றிபெற்ற மூன்று விண்ணப்பங்களில் தன் பங்கு என்ன என்று அவற்றுக்குரிய ஆய்வாளரிடமே கடிதம் வாங்கி வைக்க வேண்டும். முன்பெல்லாம் ஒருவருடைய வேலையைப் பார்த்து ஆளை எடை போட்டார்கள். இப்போது வேலையைப் பற்றி அவர் அடிக்கும் தம்பட்டத்தை எடை போடுகிறார்கள். சான்றிதழ் வந்துவிட்டது. கடிதத்துக்கு இன்று மாலை ஐந்து மணி வரை நேரம்.

அந்த ஆய்வாளர் வேறு யாருமல்ல, அவருடைய தங்கை கணவர். மண்வளத் துறைப் பேராசிரியர். சோதனைக்கூடத்தில் கெட்டிக்காரர்தான், இல்லையென்று சொல்லக்கூடாது. ஆனால் இரண்டு வாக்கியங்களைச் சேர்த்து எழுதச் சொன்னால் இரண்டும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நிற்கும். பன்னிரண்டு வருடமாக ஒரு துண்டுத் தாளில் நாலு வரி கிறுக்கிக்கொண்டு வருவார். "கொஞ்சம் பாத்துக்குங்க மச்சான்" என்பார். நாலு வரி நாற்பது பக்கமாகப் போய்ச் சேரும். அனுப்பும் முன் ஓரக் குறிப்புகளையும், கோப்பில் எழுதியவர் என்று பதிவாகியிருக்கும் தன் பெயரையும் கண்காணிப்பாளர் சுத்தமாக அழித்துவிடுவார். செய்த உதவியைச் சொல்லிக்காட்டுவது அவர் வீட்டு வழக்கமில்லை. அந்தக் கௌரவத்தின் பலன், அவர் எழுதியதற்கு ஒரு புள்ளிகூட அத்தாட்சி இல்லை. பேராசிரியர் விருது வாங்கிய மேடையில் தன் கார் ஓட்டுநருக்கு நன்றி சொன்னார்.

காலையில் தங்கை தொலைபேசியில் வந்தாள்.

"அண்ணா, கடிதத்துல ஏடாகூடமா எதுவும் கேட்டுடாதீங்க. நாலு பேர் மத்தியில அவருக்குன்னு ஒரு பேரு இருக்கு."

"எனக்கு?"

"உங்களுக்கு என்னண்ணா, நீங்க பெரியவரு."

அந்தக் குடும்பத்தில் பெரியவர் என்றால் வாயை மூடிக்கொள்ள வேண்டியவர் என்று பொருள்.

இரண்டரை மணிக்குப் பேராசிரியரின் அறைக்குள் நுழைந்தார்.

"வாங்க மச்சான், கடிதம்தானே? நீங்களே எழுதிடுங்க. நான் கையெழுத்து போட்டுடறேன்."

கண்காணிப்பாளருக்குச் சிரிப்பு வந்தது. மச்சானைப் பாராட்ட ஏழு வரி, அதற்கும் மச்சானேதான் வேண்டும். தன் பெருமையைத் தானே பேசியவர் அவர் பரம்பரையில் எவரும் இல்லை. அப்படிப் பேசுகிறவருக்குப் பெண்தான் கொடுத்திருந்தார்கள். ஆனாலும் ஓர் ஓரமாக உட்கார்ந்து எழுதினார். அலங்காரம் எதுவும் வைக்கவில்லை. 'ஆய்வுக் கருத்து என்னுடையது. மூன்று விண்ணப்பங்களையும் முதல் வரைவிலிருந்து கடைசி வடிவம் வரை எழுதியவர் இவர்.' மிச்சமெல்லாம் தேதிகள்.

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். பாதி படித்ததும் மூடினார்.

"இந்த 'எழுதியவர்' மட்டும் கொஞ்சம் இடிக்குதே மச்சான். 'உதவினார்'னு போட்டுடுங்க. ரெண்டும் ஒண்ணுதானே."

"ஒண்ணா மாப்பிள்ளை?"

"அட, நீங்க என்ன வெளியாளா? தட்டச்சு பண்ணது, பக்க எண் போட்டது, நேரத்துக்கு அனுப்பினது, எல்லாத்தையும் விவரமா போட்டுக்குங்க. நான் வேணாம்னா சொன்னேன்?"

சொல்லிவிட்டு, பெரிய மனது பண்ணியவரைப் போல நாற்காலியில் சாய்ந்தார். அடுத்த மூச்சில் இழுப்பறையிலிருந்து ஒரு துண்டுத் தாளை எடுத்து நீட்டினார். "அப்புறம், புதுசா ஒரு திட்டத்துக்கு விண்ணப்பம் கேட்டிருக்காங்க. நாளைக்குக் கடைசி நாள். நாலு வரி எழுதிவச்சிருக்கேன், கொஞ்சம் பாத்துக்குங்க."

ஒரே ஒரு சொல்லை மாற்றினால் போதும். கையெழுத்து விழும், தங்கை வீட்டில் முகம் சுளிக்க ஆளிருக்காது, பதவிகூடக் கிடைத்தாலும் கிடைக்கும். ஆனால் பக்க எண் போட்டவன் என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்து அந்த நாற்காலியில் போய் உட்கார வேண்டும். அதில் உட்கார அவருக்கு முதுகு வளையாது.

துண்டுத் தாளை வாங்கிப் பேராசிரியரின் விசைப்பலகை அருகே வைத்தார். கணினியில் புது விண்ணப்பத்தைத் திறந்தார். திட்டச் சுருக்கம், முந்நூறு சொற்கள். திரையைப் பேராசிரியர் பக்கம் திருப்பினார்.

"நீங்க எழுதுங்க மாப்பிள்ளை. நான் உதவறேன்."

"விளையாடாதீங்க மச்சான்."

கண்காணிப்பாளர் எதிர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கைகளை முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். பேராசிரியர் அவரைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், பிறகு துண்டுத் தாளைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு இரண்டு விரலால் தட்டத் தொடங்கினார். கையெழுத்தில்லாத கடிதம் மேசைமேல் மின்விசிறிக் காற்றில் மெல்ல நகர்ந்தது. அதை இருவருமே பிடித்து நிறுத்தவில்லை.

"'இந்த ஆய்வு'ன்னு ஆரம்பிக்கலாமா மச்சான்?"

கண்காணிப்பாளர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

திரையில் சுருக்கம் எழுதும் பெட்டியின் கீழே, எழுதிய சொற்கள் இரண்டு என்று காட்டியது. பேராசிரியர் சற்று யோசித்தார். எண் ஒன்றாகி, பூஜ்யமானது.