குளிர்காலத்து உஸ்மா

"பிள்ளை புருவத்துல என்ன தடவுனீங்க?"

டாக்டர் மூன்றாவது முறையாகக் கேட்டார். என் மகள் ஆய்ஜமாலின் இமைகள் இரண்டும் வீங்கி ஒட்டிக்கிடந்தன. புருவத்தில் வரிசையாக நீர்க்கொப்புளங்கள். பிறந்து நாற்பத்து மூன்று நாள்தான் ஆகிறது. அழுது அழுது குரல் போய், வாய் மட்டும் திறந்து மூடியது.

"உஸ்மா இலைச் சாறுதான்" என்றேன் மறுபடியும். பக்கத்தில் மாமியார் நின்றிருந்தார். நேற்று முழுக்க இந்தப் பொய்யை நம்பித்தான் ஆஸ்பத்திரியில் மருந்து போட்டார்கள்.

எங்கள் மார்கிலான் ஊரில் பெண் குழந்தைக்கு உஸ்மா தடவாத வீடு கிடையாது. புருவம் கருகருவென்று வளரும். ஆனால் பனி உருகிய பிறகுதான் இலை தளிர்க்கும். இவளோ ஜனவரியில் பிறந்தாள். "இலை வரட்டும், என்ன அவசரம்?" என்றார் அத்தை. எனக்குத்தான் பொறுக்கவில்லை. என்னுடையது சோகைப் புருவம். கல்யாணமான நாளிலிருந்து இந்த வீட்டுப் பெண்கள் அதைச் சொல்லியே என்னைக் கிண்டலடித்திருக்கிறார்கள். தொட்டில் விருந்தில் என் மகளையும் அப்படிச் சொல்லிவிட்டால்? சந்தையில் ஸலோமத்திடம் உஸ்மாத் தூள் ஒரு பொட்டலம் வாங்கி, வீட்டில் யாரும் இல்லாத நேரத்தில் குழைத்து, தீக்குச்சியில் பஞ்சு சுற்றித் தடவினேன். பக்கத்து வீட்டுக்காரி ஐஸ் பெட்டியில் வைத்திருந்த இலை என்று அத்தையிடம் புளுகினேன். விருந்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அந்தப் புருவத்தைப் புகழ்ந்தார்கள். எவ்வளவு பெருமை எனக்கு, பாவி!

"இலைக்கு இப்படி வெந்து போகாதும்மா. கருவிழியிலயும் பட்டிருக்கு. என்னன்னு தெரியாம நான் எப்படி வைத்தியம் பாக்குறது?" என்றார் டாக்டர்.

"தூள்... சந்தையில வாங்குனது."

அத்தை திட்டவில்லை. குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார், அவ்வளவுதான். அதற்குப் பதில் அவர் என்னை அறைந்திருக்கலாம்.

"அதுல என்ன கலந்திருக்குன்னு கேட்டுட்டு வாங்க. ஓடுங்க!"

வீட்டில் ஒளித்து வைத்திருந்த மீதித் தூளை எடுத்துக்கொண்டு சந்தைக்கு ஓடினேன். ஸலோமத் கடையில் உட்கார்ந்து கிண்ணத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வாடி, தொட்டில் விருந்து அமர்க்களமாமே!"

மீதிப் பொட்டலத்தை அவள் முன் போட்டேன். "இதுல என்ன கலந்திருக்கக்கா? பிள்ளை கண்ணைத் தொறக்கல. டாக்டர் கேக்குறாரு."

"சுத்த இலைடி! ஊரே வாங்குது, ஒருத்தி குறை சொன்னதில்ல. விருந்துல எவளோ கண்ணு வெச்சிருப்பா. போய் சாம்பிராணி போடு."

அவள் கிண்ணத்திலிருந்த தேநீரையே தூளில் ஊற்றிக் குழைத்து அவள் முன் நீட்டினேன்.

"சுத்த இலைன்னா உன் புருவத்துல தடவு. இப்பவே."

பக்கத்துக் கடைப் பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். "இதென்னடி பெரிய விஷயம்" என்று சிரித்தபடி ஸலோமத் விரலில் தொட்டு எடுத்தாள். விரல் நெற்றி வரை போனது. புருவத்துக்கு ஒரு நூல் தூரத்தில் நின்றது.

"தடவுக்கா" என்றேன். என் குரல் கெஞ்சியது. அவள் தடவிவிட வேண்டும், அது வெறும் இலையாக இருந்துவிட வேண்டும் என்று அந்த நொடியில் கடவுளிடம் மன்றாடினேன். "உன் காலைப் பிடிக்கிறேன், தடவுக்கா."

ஸலோமத் என்னைப் பார்க்கவில்லை. கையைக் கீழே இறக்கி, மடித்துணியில் விரலைத் துடைக்கத் தொடங்கினாள். அழுத்தி அழுத்தி, நகக்கண் வரை துடைத்தாள்.