எண்ணூறு கிலோ

வயல் வேலைக்குப் போகும் பெண்கள் ஏறுவதற்கு முன்னால் லஸ்ஹர் தன் பிக்கப்பின் பின்தட்டில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிவிடுவான். தளம் ஈரமாக இருந்தால் யாரும் உட்கார மாட்டார்கள். நின்றுகொண்டே வந்தால் இருபத்திரண்டு பேரை அடைக்கலாம், உட்கார்ந்தால் அதில் பாதிக்குத்தான் இடம். ஜனவரிக் குளிரில் அந்தத் தண்ணீர் ரப்பர் பூட்ஸுக்குள்ளும் இறங்கும். ஆள் ஏற்றும் பிக்கப்காரன் ஒருவன் கண்டுபிடித்த வழி இது. அவன் நன்றாக இருக்கட்டும் என்று யாரும் வாழ்த்தியதில்லை.

மொன்ஜியா எப்போதும் கடைசியாக ஏறி, கதவு ஓரத்தில் நிற்பாள். ஐம்பதை நெருங்கும் பெண், நல்ல வாட்டசாட்டமான உடம்பு. வண்டி குலுங்கும்போது முன்னால் நிற்கும் சிறுபெண்கள் அவள் மேல் சாய்ந்துகொள்வார்கள். "மொன்ஜியா அக்கா இருக்கிறவரைக்கும் இந்த வண்டிக்குக் கதவே வேண்டாம்" என்பாள் ஹத்தா. "அதுக்குச் சேத்து லஸ்ஹர் எனக்குச் சம்பளம் தரணும்" என்பாள் மொன்ஜியா.

அன்றைக்கு கைரவான் சாலையில், பாதாம் தோப்பைத் தாண்டும்போது, பின்பக்க வலது டயர் வெடித்தது. வண்டி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போய் மண்மேட்டில் முட்டி நின்றது. பக்கவாட்டு ஓரத்தில் நின்ற ஹத்தா வெளியே விழுந்து தோள்பட்டை எலும்பை முறித்துக்கொண்டாள். லஸ்ஹர் ஸ்டெப்னியை மாட்டி எல்லோரையும் நேராக ஹாஜி தாஹரின் உருளைக்கிழங்கு வயலுக்குத்தான் கொண்டுபோனான். அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் இருபத்தொரு பேருக்குக் கூலி போய்விடும். ஹத்தா கையைத் தலைத்துணியால் கட்டிக்கொண்டு, வண்டி திரும்பும் சாயங்காலம் வரைக்கும் வரப்பில் உட்கார்ந்திருந்தாள். வேலை செய்யாததால் அவளுக்குக் கூலி இல்லை.

மறுநாள் விடியற்காலை முச்சந்தியில் வண்டி வந்து நின்றது. ஒருத்தியும் ஏறவில்லை.

"டயரை மாத்து, ஏறுறோம்," என்றாள் மொன்ஜியா.

"சித்தி, ஒரு டயர் வெடிச்சதுக்கு இப்படியா? மாத்தியாச்சே."

"நீ மாத்தினது செருப்புத் தேய்ஞ்ச மாதிரி இருக்கு. ரெண்டும் புதுசா வேணும். பாரம் தாங்குறதா வேணும். நானும் கடைக்கு வரேன்."

அவள் குரலில் அவளுக்கே தெரியாத ஒரு கெத்து இருந்தது. பின்னால் நின்ற இருபது பேரில் ஒருத்தியும் வண்டிப் பக்கம் நகரவில்லை. அன்றைக்குக் கிழங்கு மண்ணுக்குள்ளேயே கிடந்தது.

டயர்க்கடை ஃபத்ஹி வெடித்த டயரைக் காலால் புரட்டிப் பார்த்தான். சுவர் முழுக்கக் கிழிந்து, உள்ளே கம்பி நூல் நூலாகத் தொங்கியது.

"என்ன ஏத்துறே?" என்று கேட்டான்.

"கிழங்கு," என்றான் லஸ்ஹர். ஆள் ஏற்றுவதற்கு அவனிடம் அனுமதி கிடையாது.

ஃபத்ஹி முன்சீட்டில் உட்கார்ந்திருந்த மொன்ஜியாவை எட்டிப் பார்த்தான். "கிழங்கு மொத்தம் எத்தனை பேரு?"

"இருபத்திரண்டு," என்றாள் மொன்ஜியா. "நான் கொஞ்சம் பெரிய கிழங்கு."

ஃபத்ஹி சிரிக்கவில்லை. டயரின் பக்கவாட்டில் மண்ணைத் துடைத்து ஒரு எண்ணைக் காட்டினான். தொண்ணூற்றெட்டு. "இது கார் டயர். புருசன் பொண்டாட்டி ரெண்டு புள்ளைங்க போறதுக்கு. இந்த எண்ணு போட்டிருந்தா ஒரு டயர் எழுநூத்தம்பது கிலோதான் தாங்கும். பின்னால ரெண்டுக்கும் சேத்து ஆயிரத்து ஐநூறு. காலி வண்டியே பின்சக்கரத்து மேல எழுநூறு கிலோ உக்காந்திருக்கு. மிச்சம் எண்ணூறு. பன்னெண்டு பேர் ஏறலாம். அதுக்கு மேல ஏத்தினா ஓட ஓடச் சூடாகும். ஒரு நாள் போயிடும்."

பிறகு உள்ளேயிருந்து இன்னொரு டயரை உருட்டிக்கொண்டு வந்தான். அதில் நூற்றுப்பன்னிரண்டு என்று இருந்தது. "இது சரக்கு வண்டிக்குன்னே செஞ்சது. ஒண்ணு ஆயிரத்து நூத்திருபது தாங்கும். உன் இருபத்திரண்டு பேரையும் ஏத்திக்கலாம்."

மொன்ஜியா இறங்கி வந்து அதன் சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள். கொஞ்சமும் அசையவில்லை. புது ரப்பர் வாசனை அடித்தது. அவளுக்கு அந்த டயர் மேல் ஆசை வந்துவிட்டது. போயும் போயும் ஒரு டயர் மேல் ஆசைப்படுவோம் என்று அவள் நினைத்துக்கூடப் பார்த்ததில்லை.

விலையைக் கேட்டதும் லஸ்ஹர் தலையைச் சொறிந்தான். கார் டயர் இரண்டு வாங்குகிற காசுக்கு இது ஒன்றுதான் வரும். ஹாஜிக்குப் போன் போட்டு முன்பணம் கேட்டான். ஹாஜி பேசியது போனுக்கு வெளியேயும் கேட்டது. "வண்டி உன்னுது. டயரும் உன்னுது. கிழங்கு மட்டும்தான் என்னுது. நாளைக்கு ஆள் வரலேன்னா வேற வண்டி பாத்துக்கிறேன்."

"கார் டயரையே போடு," என்றான் லஸ்ஹர்.

"போட்டுக்கோ. ஆனா எண்ணூறு கிலோதான் ஏத்தணும்," என்றாள் மொன்ஜியா. "ஃபத்ஹி சொன்ன கணக்குதான். ரெண்டு நடை அடி."

"டீசலுக்கு எவன் குடுப்பான்?"

"ஹத்தா கைக்கு எவன் குடுத்தான்?"

லஸ்ஹர் புதுக் கார் டயர் இரண்டை மாட்டச் சொன்னான். பிறகு தாய் மேல் ஆணையாக எண்ணூறு கிலோவுக்கு மேல் ஏற்ற மாட்டேன், இரண்டு நடை போகிறேன் என்றான். மொன்ஜியாவுக்கு மனசு குளிர்ந்தது. அன்று இரவு அவள் வீட்டுக்கு நாலைந்து பெண்கள் வந்து, ஜெயித்துவிட்டாய் அக்கா என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கல்குவாரியில் கால் நசுங்கிப்போன அவள் புருஷன் அம்மார் படுத்த இடத்திலிருந்தே, "இனிமே இவளை எதிர்த்துப் பேச முடியாது" என்றான்.

இரண்டு நடை என்பது பேசும்போது நன்றாகத்தான் இருந்தது. முதல் நடை போய் வண்டி திரும்பி வருவதற்குள் வெயில் ஏறிவிடும். இரண்டாம் நடையில் போகிறவர்களுக்கு ஹாஜி அரைக்கூலிதான் கொடுத்தார். முதல் நடைக்குப் பெண்கள் முச்சந்தியில் முண்டியடித்தார்கள். தலைத்துணியைப் பிடித்து இழுத்தார்கள். தான் கொண்டுவந்த ஏற்பாடு என்பதால் மொன்ஜியா தினமும் இரண்டாம் நடைக்கே நின்றாள். அரைக்கூலியை வாங்கி, பட்டணத்தில் விடுதியில் தங்கிப் படிக்கும் மகளுக்கு அனுப்பியது போக, மாவுக்கும் அம்மாரின் மாத்திரைக்கும் இழுத்துப் பறித்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரக் கடைசியில் ஹாஜி, முதல் நடையில் வருகிறவர்களே போதும் என்று சொல்லிவிட்டார்.

சாயங்காலம் வேலை முடிந்ததும் லஸ்ஹர் பெண்களைக் கொட்டகைக்குக் கூப்பிட்டான். அங்கே கிழங்கு மூட்டை நிறுக்கும் பெரிய தராசு இருந்தது.

"பன்னெண்டு பேர்னு எதுவும் எழுதி வைக்கலை," என்றான். "எண்ணூறு கிலோன்னுதான் பேச்சு. ஒவ்வொருத்தரா ஏறுங்க. லேசா இருக்கிறவங்களைச் சேத்தா பதினஞ்சு பேர் வரைக்கும் போகலாம். மூணு பேருக்குக் கூடுதலா வேலை கிடைக்கும்ல?"

தலைக்கு இவ்வளவு என்று ஹாஜி அவனுக்குத் தருகிற காசும் மூன்று தலைக்குக் கூடும். அதை அவன் சொல்லவில்லை. எல்லோருக்கும் தெரியும்.

முதலில் ஒருத்தியும் அசையவில்லை. அப்புறம் ஒரு சின்னப்பெண் சேறு அப்பிய பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு ஏறினாள். நாற்பத்தொன்பது. அவள் முகத்தில் பரீட்சையில் தேறியவள் போல ஒரு சந்தோஷம். அதைப் பார்த்ததும் மற்றவர்கள் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள், மேலே போட்டிருந்த புருஷன்மாரின் கோட்டைக் கழற்றினார்கள், மடியில் முடிந்திருந்த ரொட்டித் துண்டை எடுத்து வைத்தார்கள். குளிரில் பல் கிடுகிடுக்க வரிசையில் நின்றார்கள். யாரும் யார் முகத்தையும் பார்க்கவில்லை.

ரெபெஹ் ஆறு மாதக் கர்ப்பிணி. தராசில் ஏறி நின்று வயிற்றை எக்கிப் பார்த்தாள்.

"மூச்சைப் பிடிச்சா எடை குறையுமா?" என்றான் லஸ்ஹர். "நீ ஒரு தலைக்குத்தான் காசு, ரெண்டு பேரா வரே. புள்ளை பிறந்தப்புறம் பாக்கலாம்."

மொன்ஜியா எண்பத்தாறு இருந்தாள். அவள் இறங்கும் வரைக்கும் லஸ்ஹர் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"சித்தி, வருத்தப்படாதீங்க. நீங்க சொன்ன கணக்குதான் இது."

மொன்ஜியாவுக்கு உள்ளே எரிந்தது. தன் வாயால் கேட்டு வாங்கியதைத் தானே எப்படித் திட்டுவது? சுற்றி நின்ற பெண்களைப் பார்த்தாள். எண்ணூறுக்குள் சேர்ந்த பதினைந்து பேரும் பூட்ஸை மாட்டுவதில் மும்முரமாக இருந்தார்கள்.

அதற்குப் பிறகு மொன்ஜியா வேலைக்குப் போகவில்லை. வேறு வண்டிகளில் கேட்டுப் பார்த்தாள். வண்டியை நிறுத்தியவள் என்ற பெயர் அவளுக்கு முன்னால் போய் நின்றது. கடையில் கடன் சொல்லி மாவு வாங்கினாள். இரவு ரொட்டியைப் பாதியாக்கினாள், பிறகு அதையும் அம்மார் தட்டுக்குத் தள்ளிவிட்டாள்.

"பட்டணத்துப் பொம்பளைங்க இப்படி இளைக்கிறதுக்குக் காசு குடுக்கிறாங்களாம்," என்றான் அம்மார்.

"அவங்க மூட்டை தூக்கப் போறதில்லை. நீ சாப்பிடு."

அடுத்த மாசக்கடைசியில் வண்டியில் ஒரு பெண்ணுக்கு நிச்சயமாகி, அவள் நின்றுவிட்டாள். லஸ்ஹர் வழியில் பார்த்துச் சொன்னான்: "ஒரு இடம் இருக்கு சித்தி. எழுபத்தஞ்சுக்குள்ள வந்தா எப்படியாவது சேத்துக்கலாம். வியாழக்கிழமை சாயங்காலம் முச்சந்தித் தீவனக்கடைத் தராசுல நிறுத்துப் பாக்கலாம்."

வியாழக்கிழமை அவள் காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. தீவனக்கடைக்காரன் தவிட்டு மூட்டையை நகர்த்தி அவளை முன்கூட்டியே ஏறிப் பார்க்க விட்டான். எழுபத்தாறு. ஸ்வெட்டரைக் கழற்றினாள். எழுபத்தைந்து. நாளைக்கு வேலைக்குப் போகலாம். ஸ்வெட்டரை மடித்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மழைத் தூறலில் சாலையைப் பார்த்து நின்றாள்.

வண்டி வரும் சத்தமே வேறு மாதிரி இருந்தது. முக்கி முனகிக்கொண்டு வந்தது. பின்தட்டில் ஓட்டுநர் அறையின் உயரத்துக்குக் கிழங்கு மூட்டைகள் அடுக்கி, நனையாமல் தார்ப்பாய் போர்த்திக் கயிறு கட்டியிருந்தது. அதன் மேல், கயிற்றைப் பிடித்துக்கொண்டு, பதினான்கு பெண்களும் தொத்திக்கொண்டிருந்தார்கள். பின் டயர் இரண்டும் பிதுங்கித் தரையோடு படர்ந்திருந்தன.

லஸ்ஹர் முச்சந்தியை ஒட்டிய மேட்டுக்கு முன்னால் நிறுத்தினான். "எல்லாரும் இறங்குங்க. மேடு ஏறினப்புறம் ஏறிக்கலாம். கிடங்குல மூட்டையை இறக்கிட்டுத்தான் வீடு."

பெண்கள் வழுக்கிக்கொண்டு இறங்கினார்கள். மொன்ஜியா பக்கத்தில் போனாள்.

"எத்தனை மூட்டைடா?"

"இருபது. ஹாஜியோட குளிர்கிடங்குக்கு. லாரி வரலையாம்."

"நிறுத்துப் பாத்தியா?"

"கிழங்கை எதுக்கு நிறுக்கணும்? மூட்டைக்கு அம்பது கிலோ, எல்லாருக்கும் தெரியும்." அவன் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினான். "அவர் ஏத்துன்னா நான் மாட்டேங்க முடியுமா? சொல்லுங்க. நாளைக்கே வேற வண்டி வந்துடும்."

"நான் எழுபத்தஞ்சு ஆயிட்டேன்."

"இப்ப இருட்டிப்போச்சு சித்தி. நாளைக்குப் பாக்கலாம்."

வண்டி உறுமிக்கொண்டு மேட்டில் பாதி ஏறி, சேற்றில் சக்கரம் சுழன்று நின்றது. பெண்கள் ஓடிப்போய்க் கை கொடுத்தார்கள். நகரவில்லை. பின்னோக்கிச் சரியத் தொடங்கியது. லஸ்ஹர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"சித்தி, நீங்களும் வாங்க. இதுங்க எல்லாம் நோஞ்சானுங்க. நீங்க சாஞ்சாத்தான் ஏறும்."

மொன்ஜியா ஸ்வெட்டரைக் கீழே வைத்துவிட்டுப் போய், மூட்டைகளுக்குக் கீழே கதவில் தோளைக் கொடுத்தாள். காலை ஊன்றித் தள்ளினாள். சக்கரம் அவள் பாவாடையிலும் முகத்திலும் சேற்றை வாரியடித்தது. வண்டி ஏறிவிட்டது. மேட்டின் உச்சியில் பெண்கள் ஒருவரையொருவர் தூக்கிவிட்டுத் தார்ப்பாய் மேல் ஏறினார்கள். லஸ்ஹர் நன்றிக்கு ஒரு தடவை ஹாரன் அடித்துவிட்டுப் போனான்.