கிணற்றடியில் சொன்ன பொய்

பாலக்கரையில் வாந்திபேதி பரவிய கோடையில், வியாகுலம்மாளின் அடுத்த வீட்டுக் காளியாயியின் மகளும் நோயில் விழுந்தாள். பிள்ளை என்ன சாப்பிட்டது என்று கிணற்றடியில் பெண்கள் பேசிக்கொண்டபோது, வியாகுலம்மாள் முந்திக்கொண்டாள்.

"எல்லாம் சாரா பீவி பால்தான். குட்டைத் தண்ணிய ஊத்துறதை என் கண்ணால பார்த்தேன்."

பார்க்கவில்லை. பயத்தில் யார் மேலாவது பழியைப் போட்டால் மனம் ஆறும் போலிருந்தது.

சாரா பீவி கணவனை இழந்தவள். இரண்டு எருமைகளை வைத்துப் பிழைத்தாள். மறுநாளிலிருந்து தெருவில் ஒருவரும் அவளிடம் பால் வாங்கவில்லை. மாதம் முடிவதற்குள் ஒரு எருமை சந்தைக்குப் போயிற்று.

பிறகு முனிசிபாலிட்டி ஆட்கள் வந்து, கோளாறு கிணற்றுத் தண்ணீரில்தான் என்று சொல்லி மருந்து கொட்டினார்கள். காளியாயியின் மகளும் பிழைத்து எழுந்தாள். ஆனால் பாலைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

வியாகுலம்மாள் மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தாள். பொய் சொன்னேன் என்றாளே தவிர, யாரைப் பற்றி என்று சொல்லவில்லை. சாமியார் செபம் சொல்லச் சொல்லி ஆசீர்வதித்தார். லேசான மனத்தோடு திரும்பியவள், சாரா பீவி திரிந்த பாலைச் சாக்கடையில் ஊற்றுவதைப் பார்த்தாள். சர்வேசுரன் மன்னித்திருக்கலாம். சாரா பீவிக்கு அதனால் என்ன ஆயிற்று?

நேரே கிணற்றடிக்குப் போனாள். குடங்களோடு நின்றவர்கள் முன்னால், "நான் எதையும் பார்க்கல. புளுகிட்டேன்" என்றாள். காளியாயி அவளை வெறித்துப் பார்த்தாள்.

அங்கிருந்து சாரா பீவியின் வாசலுக்கு வந்து நின்றாள்.

"அக்கா, உங்க பொழப்பைக் கெடுத்தது நான்தான்."

"தெரியும்," என்றாள் சாரா பீவி.

"தெரிஞ்சுமா ஒரு வார்த்தை கேக்கல?"

"நீ வரணும்னு இருந்தேன். மனுஷருக்குச் செஞ்சதுக்கு அந்த மனுஷர்கிட்டதான் மாப்பு கேக்கணும், அல்லாகிட்ட மட்டும் கேட்டாப் போதாதுன்னு எங்கள்ல சொல்லுவாங்க. உங்கள்ல எப்படியோ?"

"எங்கள்லயும் அப்படித்தான்க்கா இருக்கும். நான்தான் சாமியார்கிட்ட முழுசாச் சொல்லல."

"எனக்குக் கோபம் இன்னும் ஆறல, புள்ள."

"ஆற வேணாம். காலையில நானும் கூட வரேன்."

விடிந்ததும் பால் பாத்திரத்தை வியாகுலம்மாள் வாங்கிக்கொண்டாள். முதல் வீட்டில் கதவு திறக்கவில்லை. இரண்டாவது வீட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். காளியாயி மட்டும் சொம்போடு வாசலிலேயே நின்றிருந்தாள்.

"கூட ஒரு ஆழாக்கு ஊத்துங்க அக்கா. புள்ளைக்கு இப்பதான் பசி எடுக்குது."

சாரா பீவி அளந்து ஊற்றினாள். பாத்திரத்தைத் தாங்கிப் பிடித்திருந்த வியாகுலம்மாளிடம், "அடுத்த தெருவுக்கும் வருவியா?" என்று கேட்டாள்.